களிக்கு எத்தனை புள்ளி? – மைன்கிராஃப்ட் ஆடும் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு

குச்சனூர்

குச்சனூர், சின்னமனூர், உத்தமபாளையம், தேவாரம், கம்பம், கூடலூர் என்று இந்தக் கம்பம் பள்ளத்தாக்கு நெடுக மைன்கிராஃப்ட் ஆடுகிற, அதற்குச் சொந்தமாக ஒரு மோட் – விளையாட்டை மாற்றும் துணை நிரல் – எழுதிப் பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு எழுதும் மடல் இது.

விளையாட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மோட் எழுதுகிறவர்கள் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று உணவுப் பட்டியல். எந்த உணவைத் தின்றால் எவ்வளவு பசி ஆறும் என்ற எண்களை மாற்றுவது எளிது. மாற்றியதும் பலன் கண்ணுக்குத் தெரியும். நம் ஊர்ச் சாப்பாட்டை விளையாட்டுக்குள் கொண்டுவர நினைக்கிறவர்களும் இதில்தான் தொடங்குவார்கள். அந்த இடத்தில் உட்கார்ந்து எண்களைத் தட்டச்சு செய்யப்போகும் உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. அந்த எண்களைப் பிரியத்தாலோ பெருமையாலோ போடாதீர்கள், அளந்து போடுங்கள். எதை அளப்பது என்பதையும் முதலில் யோசியுங்கள். வயிறு நிறைவதை மட்டும் அளந்துவிட்டு அதையே உணவின் மதிப்பு என்று எழுதினால், நூறு வருடத்துக்கு முன் இந்த நாடு செய்து திருந்திய தவற்றை நீங்கள் மறுபடியும் செய்ததாகிவிடும்.

இருக்கிற பட்டியலை முதலில் பார்ப்போம். திரையின் அடியில் பத்துக் கோழிக்கால்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றுக்கு இரண்டு புள்ளி, மொத்தம் 20. சுட்ட மாட்டிறைச்சியும் சுட்ட பன்றி இறைச்சியும் 8 புள்ளி தரும். ரொட்டிக்கு 5, சுட்ட உருளைக்கிழங்குக்கு 5, ஆப்பிளுக்கு 4, கேரட்டுக்கு 3, குக்கீக்கு 2, பீட்ரூட்டுக்கு 1. வரிசை 18க்குக் குறையாமல் இருந்தால் காயம் தானாக ஆறும். 6க்கு இறங்கிவிட்டால் ஓட முடியாது. இந்தப் பசி ஏற்பாடு விளையாட்டோடு கூடவே பிறந்ததல்ல. 2011 செப்டம்பரில் பீட்டா 1.8 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் எதைத் தின்றாலும் அது நேரே உயிரைக் காட்டும் இதயங்களை நிரப்பியது, பசி என்ற ஒன்றே கிடையாது. அதாவது, இந்த எண்கள் ஸ்டாக்ஹோமில் ஒரு அலுவலகத்தில் இந்த விளையாட்டை உருவாக்கிய சிலர் யோசித்து எடுத்த முடிவுகள். அவற்றில் இயற்கையின் விதி எதுவும் இல்லை. அவர்கள் முடிவெடுத்ததில் குற்றம் இல்லை; விளையாட்டுக்கு ஏதோ ஒரு பட்டியல் வேண்டும். ஆனால் முடிவு என்று தெரிந்த பிறகு, அது எதை வைத்து எடுக்கப்பட்டது என்று கேட்கலாம்.

திரையில் தெரியாத இரண்டாவது எண் ஒன்றும் ஒவ்வொரு உணவுக்கும் உண்டு. ரொட்டிக்கு 6, மாட்டிறைச்சிக்கு 12.8, கேரட்டுக்கு 3.6, குக்கீக்கு வெறும் 0.4. ஓடினாலும் குதித்தாலும் கல் உடைத்தாலும் அடிபட்ட உடம்பு ஆறினாலும் களைப்பு சேர்ந்துகொண்டே போகும். அது 4 அலகு சேரும்போது முதலில் இந்த மறைந்த எண்ணில்தான் ஒன்று கழியும். அது தீர்ந்த பிறகே கோழிக்கால்கள் குறையத் தொடங்கும். இந்த இரண்டாவது எண்ணுக்கு விளையாட்டில் உள்ள ஆங்கிலப் பெயரைத் தமிழாக்க யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. நம் வீடுகளில் அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. காலையில் கூழ் குடித்துவிட்டுக் களையெடுக்கப் போகிறவர்கள் "மத்தியானம் வரைக்கும் தாங்கும்" என்பார்கள். இட்லி தின்றால் பதினோரு மணிக்கே பசிக்கும், களி தின்றால் தாங்கும். முதல் எண் பசியாற்றும் அளவு, இரண்டாவது எண் தாங்கும் அளவு. உழைக்கிற ஊர்க்காரர்கள் உணவை எப்போதும் இந்த இரண்டாகப் பிரித்தே பேசிவந்திருக்கிறார்கள். விளையாட்டை உருவாக்கியவர்கள் பசியை ஒற்றை எண்ணோடு விட்டுவிடாமல் இந்தப் பிரிவைச் செய்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். மோட் எழுதும் பலர் இந்த இரண்டாவது எண்ணைக் கண்டுகொள்வதே இல்லை என்பதுதான் வருத்தம்.

பட்டியலில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். அரிசி இல்லை. கேழ்வரகு, கம்பு, சோளம் இல்லை. துவரையும் கொள்ளும் மொச்சையும் இல்லை. வாழைப்பழமும் தேங்காயும் இல்லை. கோழி முட்டையிடும், ஆனால் அந்த முட்டையைத் தின்ன முடியாது. எறியலாம், கேக்கிலும் பூசணிப் பணியாரத்திலும் சேர்க்கலாம், அவ்வளவே. பாலைக் குடிக்கலாம், ஆனால் அது விஷம் முதலிய விளைவுகளை நீக்குமே ஒழிய பசிக்கு ஒரு புள்ளிகூடத் தராது. சாதாரணக் கேரட்டைச் சுற்றித் தங்கத் துணுக்குகளை வைத்துச் செய்யும் பொற்கேரட்டோ 14.4 என்று தாங்கும் அளவில் எல்லா உணவையும் மிஞ்சி நிற்கிறது. தங்கம் செரிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த மதிப்பு சத்தைப் பார்த்து வைத்ததல்ல. தங்கம் கிடைப்பது அரிது, அரிதானதற்குக் கூடுதல் பலன். பட்டியல் முழுவதையும் ஆள்வது பெரும்பாலும் இந்த நியாயம்தான். எவ்வளவு பாடுபட்டுப் பெற்றாய் என்பதற்கே எண். உடம்புக்கு என்ன செய்கிறது என்பதற்கு அல்ல. விளையாட்டு என்ற அளவில் அது நேர்மையான நியாயம். ஆனால் நம் ஊர்ச் சாப்பாட்டை உள்ளே கொண்டுவருகிறோம் என்று கிளம்பிவிட்டால் அது போதாது.

உணவுக்கு எண் போடும் வேலைக்கு நம் மாநிலத்திலேயே நூறு வருடம் தாண்டிய ஒரு வரலாறு இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. 1918-இல் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்துக்குள் ஒற்றை அறையில், பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவு தொடங்கியது. நடத்தியவர் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர். பிற்பாடு அது ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மக்காரிசன் செய்த சோதனைகளில் ஒன்று இங்கே முக்கியம். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி கலந்த பஞ்சாப்பின் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் முதலிடத்தில் நின்றன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணத்துச் சாப்பாட்டில் வளர்ந்தவை கடைசி வரிசையில் இருந்தன. இரண்டு கூண்டிலும் எலிகள் தின்றுகொண்டுதான் இருந்தன. உடம்பு மட்டும் ஒரே மாதிரி வளரவில்லை.

அதற்கும் முன், 1890-களில் ஜாவா தீவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளை வைத்து இதையே கண்டார். தீட்டிய அரிசி தின்ற கோழிகளின் கால்கள் துவண்டன. தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்ததும் தேறின. 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தீட்டும்போது தவிட்டோடு போய்விட்டது தயமின் என்ற உயிர்ச்சத்து; அது குறைந்தால் வருவதே பெரிபெரி. சென்னை மாகாணத்தின் வடபகுதியில், பச்சரிசியைத் தீட்டித் தின்ற தெலுங்கு மாவட்டங்களில் பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட பகுதிகளில் அந்த அளவுக்கு இல்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமினில் ஒரு பகுதி உள்ளே அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நெல் ஒன்று, பானை ஒன்று, வயிறு நிறைவதும் ஒரே அளவு. அவித்ததா அவிக்காததா என்பதில் ஒரு மனிதனின் நரம்பு அடங்கியிருந்தது. மைன்கிராஃப்ட் மாதிரியில் ஒரு பசிவரிசையை மட்டும் வைத்து அளந்திருந்தால், இரண்டு சோற்றுக்கும் ஒரே புள்ளிதான் விழுந்திருக்கும்.

குன்னூரில் மக்காரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்டு 1937-இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்புகளைத் தொகுத்து ஒரு சிறு வெளியீடாகக் கொண்டுவந்தார். சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் அவருடைய சகாக்களும் 1971-இல் அதை விரித்து எழுதினார்கள். 2017-இல் அதே நிறுவனம் 528 உணவுப் பொருள்களை நாடு முழுக்கச் சேகரித்து, புதிதாகச் சோதித்து, இந்திய உணவுக் கலவை அட்டவணையாக வெளியிட்டது. நீங்கள் மோட் எழுத உட்காரும்போது மேசையில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியது அந்த அட்டவணை. குன்னூரில் ஒற்றை அறையில் தொடங்கிய வேலையின் கடைசிப் பக்கத்தைத்தான் நீங்கள் எழுதப்போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

இது பழங்கதையும் அல்ல. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று 2019–21-இல் நடந்தபோது, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கு மேல். இவர்களில் பெரும்பாலோர் பட்டினி கிடப்பவர்கள் அல்லர். ரேஷன் அரிசி வருகிறது, மூன்று வேளையும் அடுப்பெரிகிறது. கோழிக்கால்கள் பத்தும் நிறைந்திருக்கின்றன, இதயங்கள்தான் குறைகின்றன.

இந்த இடத்தில்தான் உங்களுக்கு முன் ஒரு சறுக்குமரம் இருக்கிறது. நம் ஊர்ப் பெருமையைக் காட்டும் ஆர்வத்தில் பிரியாணிக்கு 20, ஆட்டுக்கறிக் குழம்புக்கு 18, நெல்லுச் சோற்றுக்கு 12, கூழுக்கு 3 என்று போட்டுவிடலாம். அப்படிப் போட்டால் அது மரியாதையின் பட்டியலாகுமே தவிர மதிப்பின் பட்டியலாகாது. தமிழ்நாட்டின் மானாவாரி ஊர்கள் பலவற்றில் இரண்டு தலைமுறைக்கு முன் நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வந்தாலும்தான். மற்ற நாள்களில் சோளமும் கம்பும் கேழ்வரகும். எது அரிதோ அது உயர்ந்தது, எது தினமும் கிடைத்ததோ அது ஏழையின் சாப்பாடு என்ற எண்ணம் அப்படித்தான் ஊறியது. நம் பள்ளத்தாக்கில் 1895 முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்குகிறது. அந்த நீரை நம்பி இன்று 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. நெல் நமக்குச் சோறு போட்ட பயிர். அதை இழிவாகப் பேச மாட்டேன். ஆனால் பொற்கேரட்டுக்கு 14.4 கொடுத்த அதே அளவுகோலால், அரிது என்பதற்காகக் கூடுதல் எண் போடும் வழக்கத்தால், கூழுக்கு 3 போட்டுவிடாதீர்கள் என்று கேட்கிறேன்.

சரி, எப்படிப் போடுவது? ரொட்டியை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அதன் பசியாற்றும் அளவு 5. நூறு கிராம் தானியத்தை எடுத்துக்கொண்டால் தீட்டிய அரிசியின் ஆற்றல் ஏறக்குறைய 356 கலோரி, கம்பு 348, கேழ்வரகு 321. பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே ஒரு கிண்ணம் சோற்றுக்கும் ஓர் உருண்டைக் களிக்கும் பசியாற்றும் அளவு ஒன்றாகவே, 5 என்று இருப்பதுதான் நியாயம். தாங்கும் அளவில்தான் இரண்டும் பிரிகின்றன. தீட்டிய அரிசியில் நார்ச்சத்து நூறு கிராமுக்கு மூன்று கிராம்கூட வராது. கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராம் அளவுக்கு இருக்கிறது. நாரும் புரதமும் கூடினால் பசி மெதுவாகத் திரும்பும் என்பது மருத்துவம் சொல்வது; களி தாங்கும் என்பது வீட்டில் சொல்வது. இரண்டும் ஒன்றே. விளையாட்டின் ஜாவா பதிப்பில் தாங்கும் அளவு என்பது பசியாற்றும் அளவை ஒரு பெருக்கெண்ணாலும் பிறகு இரண்டாலும் பெருக்கி வருவது. சோற்றுக்குப் பெருக்கெண் 0.4 என்றால் 4 வரும். களிக்கு 0.7 என்றால் 7 வரும். இது என் யோசனை மட்டுமே, நீங்கள் 0.65 என்று வாதாடினால் கேட்டுக்கொள்வேன், காரணம் சொன்னால் போதும். ஆனால் கேழ்வரகு என்றாலே எல்லாவற்றிலும் உசத்தி என்று எழுதிவிடாதீர்கள். அதன் புரதம் ஏழு கிராம்தான், அரிசியைவிடக் கூடுதல் இல்லை. அதன் பலம் சுண்ணாம்புச்சத்து: நூறு கிராமுக்கு 364 மில்லிகிராம், அரிசியிலோ பத்துக்கும் கீழே. கம்பின் பலம் இரும்பிலும் 11 கிராம் புரதத்திலும் இருக்கிறது. பிரியப்பட்ட பயிரிடம்கூட நேர்மையாக இருக்க வேண்டும், அதுதான் அளப்பது என்பதன் பொருள்.

இன்னொன்று, இதில்தான் நம் சமையலுக்கும் அந்த விளையாட்டுக்கும் பெரிய பிணக்கு. முயல் சூப் செய்யச் சுட்ட முயலிறைச்சி, கேரட், சுட்ட உருளைக்கிழங்கு, காளான் வேண்டும். முதல் மூன்றையும் தனித்தனியாகத் தின்றால் 5, 3, 5 என்று 13 புள்ளி. சேர்த்துச் சமைத்த சூப்புக்கு 10 மட்டும். தாங்கும் அளவும் 15.6-இலிருந்து 12-க்கு இறங்கிவிடுகிறது. ஆறு பீட்ரூட் சேர்ந்த சூப்புக்கு ஆறு பீட்ரூட்டின் மதிப்பே கிடைக்கிறது, சமைத்ததால் ஒரு துளி லாபம் இல்லை. அடுப்படியில் நடப்பது இதற்கு நேர்மாறானது. தானியங்களின் புரதத்தில் லைசின் என்ற ஒரு கூறு குறைவு. பருப்பிலும் கொள்ளிலும் அது நிறைய. சோறும் பருப்பும் ஒரே தட்டில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்பி, புரதத்தின் தரம் தனித்தனியாகத் தின்பதைவிட உயர்கிறது. கஞ்சிக்குக் கொள்ளுத் துவையல், களிக்குக் கீரைக் குழம்பு, இட்லியில் உளுந்து – இவற்றை யாரும் வேதியியல் படித்துச் சேர்க்கவில்லை, ஆனாலும் கணக்குச் சரியாக இருக்கிறது. உங்கள் மோட்டில் ஒரே ஒரு விதியைத்தான் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: சேர்த்துச் சமைத்தது, தனித்தனியாகத் தின்றதன் கூட்டுத்தொகையைவிடக் கூடுதலாகத் தர வேண்டும். சோறு 5, பருப்பு 3 என்றால் பருப்புச் சோறு 9 ஆகட்டும். விளையாடுகிறவனுக்கும் அப்போதுதான் சமைக்கத் தோன்றும்.

அளவுக்கு நம்மிடமே ஒரு தட்டு இருக்கிறது. 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவுபடுத்திய பள்ளிச் சாப்பாடு. மத்திய அரசின் இன்றைய விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். அதற்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி. நடுநிலை வகுப்புகளுக்கு 700 கலோரி, 20 கிராம் புரதம். தமிழ்நாட்டில் கூடவே முட்டை. விளையாட்டில் அப்படியே தின்ன முடியாத அந்த முட்டையைத்தான் இங்கே அரசு காசு கொடுத்து வாங்கிப் பிள்ளையின் தட்டில் வைக்கிறது. சத்துணவுத் தட்டு ஒன்றை மோட்டில் செய்யுங்கள். சோறு, பருப்பு, காய், அவித்த முட்டை நான்கும் இருந்தால்தான் அது உருவாக வேண்டும்.

எதிர்ப்புகள் வரும் என்று தெரியும். முதலாவது, விளையாட்டை விளையாட்டாக விடுங்கள், அதற்குள் பாடப் புத்தகத்தைத் திணிக்காதீர்கள் என்பது. திணிப்பது எனக்கும் பிடிக்காது. விளக்கப் பலகையும் கேள்வித்தாளும் வைத்த மோட்டை யாரும் இரண்டாம் நாள் திறக்க மாட்டார்கள். ஆனால் இப்போதிருக்கும் பட்டியலும் எதையோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. 2023-க்குள் 30 கோடிப் பிரதிக்கு மேல் விற்ற விளையாட்டு அது. இறைச்சி உச்சம், ரொட்டி நடு, காய்கறி அடி, தானியம் என்றால் கோதுமை மட்டும் என்பதை அது வாய்திறந்து சொல்லாமலே பழக்குகிறது. நீங்கள் மாற்றி எழுதும் பட்டியலும் அதேபோல வாய்திறக்காமல் வேலை செய்யட்டும் என்பதுதான் நான் கேட்பது. களி தின்று சுரங்கத்துக்குள் இறங்கியவனுக்குக் கோழிக்கால் குறைய நேரமாகிறது. அவ்வளவுதான், அவனே புரிந்துகொள்வான்.

இரண்டாவது, எண்ணை மாற்றுவதே ஏமாற்று என்பது. பாதி சரி. பலனை மட்டும் கூட்டிவிட்டுப் பாட்டைக் கூட்டாமல் விட்டால் அது ஏமாற்றுதான், விளையாட்டும் இரண்டு நாளில் சப்பென்று ஆகிவிடும். கம்பைக் குத்திப் புடைத்து, உடைத்து, காய்ச்சி, ஆற வைத்துத்தான் கூழாகிறது. அந்தப் படிகள் மோட்டிலும் இருக்க வேண்டும். ஹங்கர் ஓவர்ஹால் என்ற பழைய மோட் செய்ததைப் பாருங்கள். உணவு மதிப்புகளைக் குறைத்து, பயிர் விளையும் நாளை நீட்டி, விவசாயத்தைக் கஷ்டமாக்கியது. ஆட்டத்தைக் கடினமாக்கிய அதை ஏமாற்று என்று எப்படிச் சொல்வது? ஃபார்மர்ஸ் டிலைட் என்ற மோட்டில் நெல் உண்டு, அதைத் தண்ணீருக்குள்தான் நட வேண்டும். நம் வயலைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு விதியிலேயே எவ்வளவு மரியாதை இருக்கிறது என்று தெரியும்.

மூன்றாவது எதிர்ப்பு கடுமையானது: இது இறைச்சிக்கு எதிரான பிரச்சாரமா என்பது. இல்லவே இல்லை. இரும்பும் தரமான புரதமும் இறைச்சியில் இருக்கின்றன. பி12 என்ற உயிர்ச்சத்து தாவர உணவில் கிடைப்பதில்லை. இரத்தசோகை இவ்வளவு இருக்கிற நாட்டில் கறியையும் முட்டையையும் கருவாட்டையும் தாழ்த்தி எண் போடுவது அநியாயம். மாட்டிறைச்சிக்கு 8 இருக்கிறதா, இருக்கட்டும். யாருடைய தட்டில் இருப்பதையும் குறைக்கச் சொல்லவில்லை. இல்லாதவற்றைச் சரியான எண்ணோடு சேர்க்கச் சொல்கிறேன்.

நான்காவதாக, சுண்ணாம்பு, இரும்பு, உயிர்ச்சத்து என்று எல்லாவற்றையும் எண்ணத் தொடங்கினால் விளையாடுகிறவன் கணக்குப்பிள்ளை ஆகிவிடுவான் என்பார்கள். இந்தக் கவலை நியாயமானது. ஆனால் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. டெர்ராஃபர்மாகிராஃப்ட் என்ற மோட்டில் தானியம், பழம், காய்கறி, புரதம், பால் என்று ஐந்தே வகை. எல்லாம் கலந்து தின்றால் இதயங்களின் எண்ணிக்கை கூடும். வின்டேஜ் ஸ்டோரி என்ற தனி விளையாட்டும் ஏறக்குறைய இதே வழியில் போகிறது. இவற்றைவிட எளியது ஸ்பைஸ் ஆஃப் லைஃப் மோட்: ஒரே உணவைத் திரும்பத் திரும்பத் தின்றால் அதன் பலன் குறைந்துகொண்டே போகும், அவ்வளவுதான் விதி. சத்துகளை எண்ணச் சொல்லாமலே, மாற்றி மாற்றித் தின்ன வைத்துவிடுகிறது. வகை பிரித்துப் பார்க்கும் வழியில் சிறுபொருள்களுக்கும் இடம் கிடைக்கும். குச்சனூர்க் கோயிலில் சனிக்கிழமைதோறும் எள் விளக்கு எரிகிறது, எள் சோறு படைக்கப்படுகிறது, காக்கைக்கு முதல் பிடி போகிறது. அந்த எள்ளில் நூறு கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. பசியாற்றும் அளவு என்று பார்த்தால் ஒரு பிடி எள்ளுக்கு 1 புள்ளிதான் கொடுக்க முடியும். இதயத்தைக் கூட்டும் வகைகளில் ஒன்றாக வைத்தால்தான் அதன் உண்மையான இடம் வரும். முருங்கைக்கீரைக்கும் அப்படியே. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதற்காக அதற்குப் பெரிய எண் வேண்டாம். பழவகையில் நிற்கட்டும், தாங்கும் அளவு குறைவாகவே இருக்கட்டும்.

செய்முறையைப் பற்றிச் சுருக்கமாக. ஜாவா பதிப்பில் 2024 ஏப்ரலில் வந்த 1.20.5 முதல், ஒரு பொருளைக் கொடுக்கும் கட்டளையிலேயே அதன் உணவு மதிப்பையும் எழுதிவிடலாம். முயன்று பார்க்க இது போதும். இருக்கிற உணவுகள் எல்லாவற்றின் மதிப்பையும் ஒட்டுமொத்தமாக மாற்றத்தான் மோட் வேண்டும். போனில் ஆடும் பெட்ராக் பதிப்பில் புதிய உணவுப் பொருளைச் சேர்த்து, அதன் இரண்டு எண்களையும் ஒரு சிறு கோப்பில் எழுதலாம். இரண்டையும் காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் லுவான்டி என்ற விளையாட்டுத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்தது. இலவசம், மூலநிரல் திறந்தது, பழைய கணினியிலும் ஓடும், லுவா மொழியில் மோட் எழுதலாம். முன்பு அதோடு கூடவே வந்த அடிப்படை விளையாட்டில் உணவு நேரே உயிரைக் கூட்டுகிறது, பசி என்பதே தனி மோட். ஆகவே பசி என்றால் என்ன என்பதையே முதலிலிருந்து நீங்கள் வரையறுக்கலாம். சேர்ந்து ஆடுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: பட்டியல் சர்வரில் ஒன்றும் உங்கள் கணினியில் வேறொன்றுமாக இருந்தால் குழப்பம்தான் மிஞ்சும். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே பட்டியல் வேண்டும்.

ஒப்புக்கொள்ள வைப்பதற்கு ஒரே வழி, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் காரணத்தை எழுதுவது. எந்த அட்டவணையிலிருந்து எடுத்தீர்கள், நூறு கிராமுக்கா ஒரு கிண்ணத்துக்கா, சமைத்ததா பச்சையா – இதையெல்லாம் தமிழில், கோப்புக்குள்ளேயே, அடுத்து வருகிறவர் படித்துத் திருத்தும்படி எழுதி வையுங்கள். பூட்டி வைக்காதீர்கள். ஐம்பது உணவோடு தொடங்கவும் வேண்டாம். புழுங்கலரிசிச் சோறு, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், கொள்ளுத் துவையல், அவித்த முட்டை – இந்த ஐந்துக்கு மட்டும் பசியாற்றும் அளவும் தாங்கும் அளவும் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரியில் காரணம் எழுதி, உங்கள் பள்ளியிலோ தெருவிலோ சேர்ந்து ஆடுகிற நாலு பேரிடம் முதலில் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் சண்டைக்கு வந்தால் எண்ணை வைத்துச் சண்டை போடுங்கள், பட்டியலைத் திருத்துங்கள், பிறகு ஆறாவது உணவுக்குப் போங்கள்.